மூன்றாவது போத்தல்

என் வலது கால் என் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது என்பது தையல் மெசினில் இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் மனுகாவ் பகுதியில், ஜன்னல் கேர்ட்டின் தைக்கும் இடம் ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கனத்த நீலத் துணியொன்றை ஊசிக்குக் கீழே நேராக்கும்போது, தொடையிலிருந்து பாதம் வரை கால் மரக்கட்டையாக விறைத்துப் பெடலை அழுத்தியது. மெசின் ஓடியது. ஊசி என் இடது சுட்டுவிரலின் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

விரல் இரண்டு கிழமையில் ஆறிவிட்டது. கால் ஆறவில்லை. ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்த சோதனை எல்லாம் முடிந்த பிறகு, நரம்பு மருத்துவர் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பே அரிக்கிற வியாதி. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வியாதியின் வேகத்தைக் குறைக்க ஒரு மருந்து தொடங்கினார்கள். அது தன் வேலையைச் செய்தது. கால் விறைப்புக்குத் தந்த குளிசைகள்தான் எனக்குச் சரிவரவில்லை. குறைவாகப் போட்டால் கால் இழுத்தது. கூட்டிப் போட்டால் பகல் முழுவதும் தூங்கி வழிந்தேன். ஒருநாள் சேர்ச்சில், பூசையில் பிரசங்கம் முடியும்வரை மகளின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டிருக்கிறேன்.

எங்கள் குடும்ப மருத்துவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அவசரப்படாத பெண்மணி. அவர்தான் கஞ்சாவிலிருந்து செய்யும் எண்ணெயைப் பற்றி முதலில் சொன்னார். எல்லோருக்கும் கேட்காது, சிலருக்குக் கேட்கும், மூன்று மாதம் பார்ப்போம், பலனில்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

"உந்தச் சாமானை வீட்டுக்குள்ள கொண்டுவராதையும்" என்றார்.

"டொக்டர் எழுதித் தாற மருந்து. களவாயோ வாங்கப்போறன்?"

"மருந்தெண்டு நீர் சொல்லுவீர். சேர்ச்சில கஞ்சா எண்டுதான் சொல்லுவினம். என்ர வேலையையும் யோசியும்."

அவருடைய வேலை மங்கரேயில், விமான நிலையச் சரக்குக் கொட்டிலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. அங்கே போதைப்பொருள் பாவிக்கிறார்களா என்று முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும். ஒரே வீட்டில் அந்த எண்ணெய்ப் போத்தல் இருந்தாலே தன்னிலும் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தை அன்று அவர் வெளியே சொல்லவில்லை. எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

நான் தனியாகவே போய் வாங்கினேன். மனுகாவ் ஃபாமசியில் மருந்து எடுத்துத் தந்தவள் சேலத்திலிருந்து வந்த பெண். முப்பது வயதிருக்கும். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உள்ளே வந்து உக்காருங்கக்கா. இதப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

இணையத்தில் நான் பார்த்து வைத்திருந்த கஞ்சாச் செடி வகைகளின் பெயர்களை அவளிடம் சொன்னேன். ஒவ்வொன்றும் ஐஸ்கிரீமின் பெயர்போல இருந்தது. ஒன்று தூக்கத்துக்கு, ஒன்று உற்சாகத்துக்கு என்று அங்கே எழுதியிருந்தார்கள்.

"மாம்பழத்தில கறுத்தக்கொழும்பான், அம்பலவி எண்டு இருக்கிறமாதிரியோ, பிள்ளை?"

"ஆமாக்கா, ரகம் ரகமா வளர்க்கறாங்க. ஆனா பேரப் பாத்து ஏமாந்துடாதீங்க. ஒரே பேர்ல வர்ற ரெண்டு செடி ஒரே மாதிரி இருக்காது. நீங்க பாக்க வேண்டியது உள்ள என்ன எவ்வளவு இருக்குன்னுதான். டி.எச்.சி.ன்னு ஒண்ணு. போதை தர்றது அதுதான். வலி, வாந்தி, தசை இறுக்கம், இதுக்கெல்லாம் சிலருக்கு உதவுறதும் அதுதான். இன்னொண்ணு சி.பி.டி. அதுல போதை கிடையாது. சில வகை வலிப்பு வர்ற குழந்தைகளுக்கு அதத்தான் தர்றாங்க. உங்க டாக்டர் முதல்ல சி.பி.டி. மட்டும் எழுதியிருக்காங்க. அதுல ஆரம்பிங்க."

முதல் போத்தல் அதுதான். ஊசியில்லாத சிறிய சிரிஞ்சால் அளந்து நாக்கின் கீழ் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கவேண்டும். புல்லை நல்லெண்ணெயில் ஊறவைத்தது போன்ற ருசி. ஆறு கிழமை குடித்தேன். மனப்பதற்றம் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. கால் மட்டும் அப்படியே. படியேறும்போது விறைக்கும், கதிரையில் உட்கார்ந்திருந்தால் துள்ளும்.

மருத்துவர் இரண்டாவதாக டி.எச்.சி. கூடிய எண்ணெயை, மிகக் குறைந்த அளவில், பின்னேரத்தில் மட்டும் எடுக்கும்படி எழுதினார். மருந்து வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு மணித்தியாலம் ஆகலாம், அவசரப்பட்டு இன்னொருமுறை எடுக்கக்கூடாது என்று அவர் சொன்னது உண்மை. ஃபாமசிப் பெண்ணும் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு அளவு எடுத்தேன். பிறகும் ஒன்று.

கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று எண்ணெயின் சத்தம் மழைபோலப் பெருத்தது. அடுப்பை நிறுத்தவேண்டும் என்று தெரிகிறது. எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. செத்துப்போகப் போகிறேன் என்றே நம்பினேன். நகரின் மறுகோடியில், ஆல்பனியில் படிக்கும் மகள் அன்று வீட்டிலிருந்தாள். அடுப்பை அணைத்து, என்னைத் தரையில் இருத்தி, என் முதுகோடு தன் முதுகை ஒட்டி இருந்தாள்.

"அம்மா, யூ ஆர் ஓகே. ஜஸ்ட் ப்ரீத் வித் மீ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஒரு கையால் சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்து, அங்கே பேசிய தாதி சொன்னபடியே என்னைப் பார்த்துக்கொண்டாள்.

கணவர் வேலை முடிந்து வந்தபோது எனக்குத் தெளிந்திருந்தது. அவர் போத்தலை எடுத்து சிங்குக்கு மேலே பிடித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் போதுமென்றுதான் இருந்தது. ஆனால் அவர் ஊற்றவில்லை. மூடியை இறுக்கி மேசையில் வைத்துவிட்டு, "இனி நீர் தனியப் போகக்கூடாது. நானும் டொக்டரிட்ட வாறன்" என்றார்.

அடுத்த வியாழன் அரைநாள் லீவு எடுத்து வந்தார். மருத்துவரிடம் அவர் முதல் கேட்ட கேள்வி, தன்னுடைய சிறுநீரில் இது வருமா என்பது. மனைவி குடிக்கும் எண்ணெய் கணவரின் உடம்புக்குள் போகாது, போத்தலை அவர் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சிரிக்காமல் விளக்கினார். அவருடைய தோள்கள் இறங்கியதைப் பார்த்தபோதுதான், இத்தனை மாதம் அவர் எதைச் சுமந்தார் என்று எனக்கு விளங்கியது.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. அளவு தவறியதால் மருந்தே தவறென்று ஆகாது என்றார். டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறக்குறையச் சமமாக உள்ள எண்ணெய் ஒன்றை மூன்றாவது போத்தலாகத் தெரிந்தெடுத்தார். தசை இறுக்கத்துக்கு இப்படிக் கலந்ததுதான் கூடுதலாகப் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது, சி.பி.டி. சேர்ந்திருந்தால் சிலருக்குத் தலைச்சுற்றல் குறையலாம் என்றார். சிலர் காய்ந்த கஞ்சாப் பூவைச் சூடாக்கி ஆவியாக இழுப்பார்கள், அது உடனே கேட்கும், சீக்கிரமே போய்விடும். எனக்கு மெதுவாக வந்து நீண்ட நேரம் நிற்பதுதான் தேவை என்றும் சொன்னார். மருந்து எடுத்துவிட்டுக் கார் ஓட்டக்கூடாது. வேலையிடத்தில் மறைக்கக்கூடாது.

அன்றிலிருந்து அளப்பது கணவரின் பொறுப்பாகியது. பின்னேரம் ஆறரைக்கு சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"ஆ எண்டு சொல்லும்."

நான் ஆவென்பேன். மகளின் பழைய கொப்பியில் தேதி, அளவு, அன்று கால் எத்தனை தரம் இழுத்தது என்று எழுதுவார். நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு சொட்டளவு கூட்டினோம். மூன்றாம் கிழமை, சாப்பிட்டு முடித்து எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போனேன். மேசையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"நீர் மேசையைப் பிடிக்காம எழும்பினனீர்."

நான் கவனித்திருக்கவில்லை. திரும்ப வந்து இருந்து, இன்னொருதரம் எழும்பிப் பார்த்தேன். மூன்றாம்தரம் எழும்பியபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வியாதி போய்விடவில்லை. குளிர்காலக் காலைகளில் இன்றும் தடி பிடித்துத்தான் நடக்கிறேன். வாய் காய்கிறது. ஆனால் இழுப்பு பாதிக்குமேல் குறைந்தது. தூக்கக் குளிசைபோல் இருந்த அந்தப் பழைய மருந்தையும் மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்தார். நான் வேலைக்குத் திரும்பிப் போனபோது முதலாளி, பேச்சில் கொஞ்சம் கடுமையான பெண், மருத்துவரின் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். முதலில் கைத்தையலில் விட்டார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கிழமைக்கு மூன்று நாள் மெசினில் இருத்தினார். இப்போது காலையில் மகள் என்னை இறக்கிவிட்டு ஆல்பனிக்குப் போகிறாள்.

கதை எப்படியோ சேர்ச்சுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் பரிமாறியபோது, மன்னார்க்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்த்திய குரலில், "அந்தக்கா இப்ப கஞ்சாவிலதானாம் நடக்கிறா" என்றார். எங்களுக்குக் கேட்டது. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் திரும்பினார். அவர் சண்டைபிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஓம் தம்பி, உண்மைதான்" என்றார். "டொக்டர் எழுதித் தாறா, ஃபாமசியில வாங்கிறம், நான்தான் அளந்து குடுக்கிறனான். வேற என்ன தெரியவேணும்? கேளும், சொல்லுறன்."

அந்த மனிதரின் முகம் சிவந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அந்த மன்னார்க்காரர் எங்கள் கதவைத் தட்டினார். அவருடைய மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். கீமோ தொடங்கியதிலிருந்து அவவுக்கு வாயில் எதை வைத்தாலும் வாந்தி. வழக்கமான மருந்துகள் போதவில்லை.

"அண்ணை, அண்டைக்கு நான் கதைச்சது பிழை" என்றார். "அக்கா குடிக்கிறதில கொஞ்சம்..."

"அது தரக்கூடாது" என்றேன். "என்ர மருந்து என்ர காலுக்கு அளந்தது. அவவுக்கு வேற வேண்டிவரும். புற்றுநோய் டொக்டரிட்டக் கேளுங்கோ. கேக்க வெக்கமெண்டா இவரும் வருவார்."

கணவர் அவர்களோடு போனார். கொப்பியையும் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் அவவுக்கு டி.எச்.சி. கூடிய ஒன்றை, மிகச் சிறிய அளவில், மற்ற வாந்தி மருந்துகளோடு சேர்த்துத் தொடங்கினார்கள். பொறுமையாகக் கூட்டவேண்டும், அவசரப்பட்டு இரண்டாம்தரம் எடுக்கவே கூடாது என்று நான் தொலைபேசியில் மூன்றுதரம் சொன்னேன்.

ஒரு கிழமை கழிந்த பிறகு, நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது மன்னார்க்காரர் அழைத்தார். திரையில் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் பயந்துபோனேன்.

"அக்கா, இண்டைக்கு ரெண்டு இடியப்பம் சாப்பிட்டவ. சொதி இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கேட்டவ."