இரண்டு கொத்து மிளகாய்த்தூள்

அக்கா நோர்வூட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பதினாலு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்துக் கணக்கு ஆசிரியரானேன்.

சுற்றியிருந்த தோட்டங்களில் கல்யாணக் கறிச்சோறு என்றால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாவற்றையும் அரிசி அளக்கும் தகரக் கொத்தினாலேயே அளப்பார். அந்தக் கை ஒரே நாளில் எப்படிப் பேரிழந்தது என்பதை இந்த நினைவு மலரில் எழுத வேண்டியவன் நான்.

என் மூத்த மகளின் கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து. அக்கா சொன்ன பட்டியலை நான் ஹட்டன் கடைக்காகக் கிலோவில் எழுதினேன். ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே கொத்து என்று வந்த இடமெல்லாம் கிலோ என்று போட்டேன். மிளகாய்த்தூள் இரண்டு கொத்து, இரண்டு கிலோவாயிற்று.

அடுப்படியில் பாக்கெட்டுகளைப் பார்த்ததும் அக்கா தடுத்தார்.

“தம்பி, இது ரொம்ப இருக்குப்பா. தூளு லேசு, அரிசி மாதிரியா? கொத்துல அளந்து போடுறேன், விடு.”

“கணக்கு படிச்சது நீயா, நானா?” என்று கேட்டு, இரண்டையும் நானே கிழித்துக் கொட்டினேன். அக்கா தேங்காய்ப் பாலை ஊற்றி ஊற்றிப் பார்த்தார். காரம் தணியவில்லை.

முதல் பந்தியிலேயே பிள்ளைகள் கதறின. மாப்பிள்ளையின் சித்தப்பா இலையை எட்டி உதைத்தார்.

“வாத்தியாரே, விருந்துக்குக் கூப்பிட்டீங்களா, கொல்லக் கூப்பிட்டீங்களா?”

என் மைத்துனர் அவர் சட்டையைப் பிடித்தார். ஓரத்தில் கிடந்த வாங்குப் பலகை பறந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. பெண்ணை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். “குடியைக் கெடுத்துட்டியேடி!” என்று கத்திக்கொண்டு, கறி கிண்டும் இரும்புக் கரண்டியால் அக்காவின் இடது காதோடு அடித்தேன். விழுந்தவரை மறுபடியும் அடித்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அடித்தேன். சமைத்தவர்மேல்தான் பிழை என்று சம்பந்தி வீட்டார் அடங்கினார்கள். பெண்ணை அழைத்துப் போனார்கள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அக்கா, “படியில வழுக்கி விழுந்துட்டேங்க” என்றார். வெளியூர்த் தொழிற்சாலையில் வேலையாயிருந்து விருந்துக்கு வராத தம் மகளிடமும் அதையே சொன்னார். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. அவரைச் சமைக்க யாரும் கூப்பிடவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு கொத்துத் தூளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோகூட இல்லை. கொட்டியது இரண்டு மடங்குக்கும் மேல். யாரிடமும் சொல்லவில்லை. அக்கா என்னிடம் அந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போகும்போதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அன்று பந்தியில் இருந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கறியைக் கெடுத்தவன் நான்.

கடைசி மாதங்களில் அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டாருக்கும், மழையில் பாடை சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவின் மகளிடம் காட்டினேன். படித்து முடித்ததும் கேட்டாள்.

“அம்மா உயிரோட இருக்கையில ஏன் மாமா சொல்லல?”

நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; அவள் தரவில்லை.

“அச்சகத்துல ஒரு எழுத்தும் மாத்தாம போடச் சொல்றேன். இனிமே எங்க வாசலுக்கு வராதீங்க” என்றாள்.

அவளுக்கும் என் நன்றி.