லாரன்ஸ் சொன்ன ரெண்டு மார்க்

லாரன்ஸ் போய்விட்டான். காலையில் அவன் மகன் போன் பண்ணினான்... தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

தூத்துக்குடி துறைமுகத்தில் என்னோடு டாலி பார்த்தவன். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் வெயிலோடு வெயிலாக இரண்டு பேரும் சேர்ந்து காய்ந்தோம்.

அங்கிருந்து ஆபீஸுக்குள் போக வேண்டுமென்றால் கிளார்க் டெஸ்ட் பாஸாக வேண்டும். எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்.

"நம்ம வம்சத்துக்கே கணக்கு வராதுலே" என்பார் எங்கள் அப்பா. அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

நானும் நம்பினேன். புத்தகத்தைத் திறப்பேன், ஒரு வட்டிக் கணக்கு மக்கர் பண்ணும்... 'பார், வரவில்லை' என்று மூடிவிடுவேன்.

லாரன்ஸ் முதல் தடவையே பாஸாகி உள்ளே போனான். நான் பெயில். அடுத்த தடவையும் பெயில். போர்டில் பாஸானவர்கள் நம்பரை மட்டும்தான் ஒட்டுவார்கள், மார்க் யாருக்கும் தெரியாது.

வெயிலில் நின்று நின்று எனக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்திருந்த நேரம். வேலையை மாற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் மனைவி வேறு உண்டாகியிருந்தாள். இருந்தும், இனிமேல் எழுத மாட்டேன் என்று லாரன்ஸிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். "ஏலே, உள்ள விசாரிச்சிட்டேன். ரெண்டு மார்க்ல போச்சாம்லே!"

"ரெண்டா?"

"ரெண்டேதான். இதுக்கா கப்பல் கவுந்த மாரி இருக்க?"

அதன் பிறகு... புத்தகம் அதேதான், நானும் அதே ஆள்தான். ஆனால் விடை தப்பினால், 'அந்த ரெண்டு மார்க் இங்கேதான் போயிருக்கும்' என்று திரும்பப் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், எங்கேயும் கணக்கு. புரியாததை லாரன்ஸிடம் கேட்பேன். அவனுக்கும் புரியாவிட்டால் இரண்டு பேரும் உட்கார்ந்து முழிப்போம்.

அடுத்த தடவை என் நம்பர் போர்டில் இருந்தது. என்னை விட அதிகமாகக் குதித்தவன் அவன்தான்.

ரிட்டயர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக நின்றபோதுதான் கேட்டேன். "அந்த மார்க்க ஒனக்கு யாருலே சொன்னா?"

"எவன் சொல்லுவான்? நானா அடிச்சு விட்டதுதான்."

சட்டையைப் பிடித்தேன். அப்படியே கட்டிக்கொண்டு அழுதும் விட்டேன்.

இன்றைக்கு அவன் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் மனைவி மேரி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒங்க ரிசல்ட் வார வரைக்கும் தெனமும் மாதா கோயிலுக்குப் போனாவ. 'பாவி நான் ஒரு பொய்யச் சொல்லிட்டேன், அவன் நம்பிப் படிக்கான், மறுபடியும் போச்சுன்னா அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்'னு ஒரே பொலம்பல். நம்பர் வந்த அன்னைக்குத்தான் சோறே ஒழுங்கா எறங்குச்சு."

எனக்கு இது தெரியாது லாரன்ஸ்...

நான் மட்டும்தான் பரீட்சை எழுதினேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லா இருலே. போயிட்டு வா.