இரண்டாவதாக எடுத்த வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. கண்ணை மூடி ஜெபித்து எடுக்க வேண்டும். கையில் வந்தது எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் கொடுத்த வசனம். எடுத்ததைத் திருப்பி வைக்கிற வழக்கமே கிடையாது. நான் வைத்தேன்.

என் கணவர் அப்போது படுத்த படுக்கை. ஈரலில் கட்டி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் இருபது வருஷம் லேத் ஓட்டிய மனுஷனுக்கு டம்ளரைத் தூக்கவே கை நடுங்கியது. அவருக்காக நான் எடுத்த அட்டையில் சாவின் பள்ளத்தாக்கு வழியாக நடக்கிறதைப் பற்றிய வசனம் இருந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வேறு யார் மேலே, ஆண்டவர் மேலேதான். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்காத நேரமாக அதை மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டு இன்னொன்றை உருவினேன். சாக மாட்டேன், பிழைத்திருந்து கர்த்தர் செய்ததைச் சொல்லுவேன் என்கிற சங்கீத வசனம் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து, அவர் படுத்தபடியே பார்க்கிற மாதிரி பீரோவில் ஒட்டினேன்.

அதற்கப்புறம் சாவு என்கிற பேச்சையே வீட்டுக்குள் விடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்று, காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன். எனக்கு வாயும் ஜாஸ்தி, பிடிவாதமும் ஜாஸ்தி.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, நான் போயிட்டேன்னு வெச்சுக்க..."

"ஏனுங்க, அவிசுவாசமாப் பேசாதீங்க. அங்க என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க."

"பாத்துட்டேதான் கண்ணு படுத்திருக்கறேன். உங்கிட்ட கொஞ்சம் பேசோணும்."

"ஒண்ணும் பேச வேண்டாங்க. ஆமென்னு மட்டும் சொல்லுங்க."

என் மணிக்கட்டை விட்டார். அப்புறம், ஆமென் என்றார். மிச்சக் கஞ்சியைக் குடித்தார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சபைக்குப் போவதை நிறுத்தினேன். துக்கம் கேட்க வந்து வசனம் சொன்னவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். வசனமே சொல்லாதவர் ஒருவர்தான். சிங்காநல்லூரில் எங்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கிற அக்கா. வருவார், கிடக்கிற பாத்திரத்தைக் கழுவி வைப்பார், போய்விடுவார். சனிக்கிழமை மத்தியானங்களில் கடையிலேயே சீஷத்துவ வகுப்பு நடத்துகிறார் என்று தெரியும். அவர் கழுவி வைத்த பாத்திரங்களுக்காகத்தான் நான் அங்கே போனேன், வேதத்துக்காக அல்ல.

அங்கே ஒரு முறை உண்டு. பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டில் ஒரு பகுதி வாசிப்போம். முடிவில், இந்த வாரம் இதைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "படிச்சா மட்டும் சீஷராயிர முடியாதுங்க, பின்னாலயே நடக்கோணும்" என்பார் அக்கா.

ஒரு சனிக்கிழமை, இயேசு சாவுக்கு முந்தின இரவு சாப்பிட்ட கடைசி இராப்போஜனப் பகுதி. பந்தி முடிந்து அவரும் சீஷர்களும் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று வருகிறது. பஸ்கா பண்டிகையில் வழக்கமாகப் பாடுகிற சங்கீதங்களாகத்தான் அது இருக்கும், அதில் கடைசி நூற்றுப் பதினெட்டு என்று சொல்லி அக்கா அதைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். நடுவில் என் வசனம் இருந்தது.

"அப்போ, சாக மாட்டேன்னு பாடிப்போட்டுத்தான் சாகப் போனாருங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமாங்க," என்றார் அக்கா.

அடுத்து, ஒலிவ மலையில் நடந்ததை அவர் வாசித்தார். அங்கே தோட்டத்தில் இயேசு தம்மோடு இருந்த மூன்று சீஷர்களிடம், சாகிற அளவுக்குத் துக்கமாக இருக்கிறது, என்னோடு கொஞ்சம் விழித்திருங்கள் என்று வாய்விட்டே சொல்கிறார். எத்தனை தடவை படித்த இடம். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் குறையாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களாவது தூங்கினார்கள். நான் முழித்துக்கொண்டே இருந்து வாயை அடைத்தேன். அட்டையை மாற்றி எடுத்ததை அன்று எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதேன்.

இந்த வாரம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காதான் சொன்னார். ரெண்டு தெரு தள்ளி ஒரு பெண், டாக்டர்கள் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "போய் உக்காந்து, அவங்க பேசறதைக் கேளுங்க. அவங்களாக் கேட்டா மட்டும் ஜெபம் பண்ணுங்க."

போனேன். அவளுக்கு என்னைவிட வயது கம்மி. வீட்டுக்காரர் மருந்து வாங்க வெளியே போனதும், "நான் பொழைக்க மாட்டேனுங்க அக்கா. இவரு சொல்ல உட மாட்டேங்கறாரு" என்றாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வசனம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லு கண்ணு" என்றேன்.

ஒரு மணி நேரம் பேசினாள். பெரிதாக ஒன்றுமில்லை. மாடித் தொட்டியின் வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாதாம். சத்தியமங்கலத்தில் இருக்கிற அம்மாவுக்குப் போனில் சொல்லக் கூடாது, யாராவது நேரில் போக வேண்டும். பெட்டியில் வைக்கும்போது ஊதாச் சேலை கட்ட வேண்டும். அப்புறம், ரொம்பப் பயமாக இருக்கிறது என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே தூங்கிப்போனாள்.

வெளியே வந்தவள் அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவருக்கு அடக்கத்தன்று எந்தச் சட்டை போடுவது என்று நான்தான் முடிவு செய்தேன். சொந்த ஊருக்கு யாரை அனுப்புவது என்றும் நான்தான். அவருக்குப் பயமாக இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.