தேதி மட்டும் எழுதிய சீட்டு

மூன்றாக மடித்த அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயரில்லை, வழக்கு எண் இல்லை. பென்சிலால் எழுதிய ஒரு தேதி மட்டும்.

வெள்ளைக்கார ஆட்சியோடு காட்டுக் கெரில்லாக்கள் போரிட்ட அவசரகாலம் அது. மலைத்தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. அதற்கப்பால் துப்பாக்கிகள் ஒளிந்திருக்கும் காடு. அப்பா காய்ச்சலில் இறந்தபின், என்னைத் தம் பொறுப்பில் விடவேண்டுமென்று பெரியப்பா அடிவாரப் பட்டணத்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். "சுடுற சத்தத்துல புள்ள வளர்க்கிறியா? கீழ அனுப்பிடுலா," என்பார் அம்மாவிடம். தோட்டம் குழந்தைக்குப் பாதுகாப்பற்றது என்பதே அவருடைய வாதம். தவணை நாளில் அம்மா வராவிட்டால் தீர்ப்பு அவர் பக்கம் போய்விடும். வருவதற்கோ அந்தக் காட்டுச் சாலையைத் தவிர வேறு வழியில்லை.

நீதிபதியை நான் இரண்டே முறை பார்த்தேன். மற்ற வழக்குகளின் தவணையை மையால் எழுதி, மன்றம் முழுவதும் கேட்க அறிவிப்பார். மலை வழக்குகளுக்கு மட்டும் பென்சில். தேதியை வாய்விட்டுச் சொல்லமாட்டார். யார், எந்த நாளில் சாலையில் இறங்குவார்கள் என்பது அறிவிப்புப் பலகையில் தொங்கினால் காட்டுக்கும் எட்டிவிடும் என்று அஞ்சினார். இரு தரப்புக்கும் சீட்டைக் கொடுத்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றார், அவருடைய ஆங்கிலத்தை எங்களுக்குத் தமிழில் சொன்ன மொழிபெயர்ப்பாளர்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படித்துச் சொன்னவள் நான். மறுநாள் குழாயடியில் தோழி, "வியாழக்கிழமை பாட்டுப்போட்டி இருக்குலா, நீ வரலியாடி?" என்றாள். "நாங்க கோர்ட்டுக்குப் போறோம்," என்றேன் பெருமையோடு. வாளியோடு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேதியை வெளியே விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் அதைச் சொல்லாமல் மறைத்தேன்.

வியாழனன்று தேயிலை லாரியில், படைவண்டிகளின் காவலோடு இறங்கினோம். ஒரு வளைவில் மரம் குறுக்கே கிடந்தது. சிப்பாய்கள் குதித்து, மூங்கில் புதரை நோக்கித் துப்பாக்கி நீட்டினார்கள். அம்மா என்னைப் பெட்டிகளுக்கிடையே அழுத்தி, மேலே கவிழ்ந்துகொண்டாள். வெட்டிய மரமா, மழைக்குச் சாய்ந்த மரமா? இன்றுவரை தெரியாது. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. மரத்தை அகற்றத்தான் பகல் முழுவதும் போயிற்று.

மாலையில் மன்றத்தை அடைந்தோம். "ஜட்ஜையே காக்க வச்சிட்டா மகாராணி," என்றார் பெரியப்பா. அவருடைய வழக்கறிஞர் மூன்று முறை எழுந்து, எங்களுக்காகக் காத்திராமல் தீர்ப்பெழுதக் கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் சொன்னார்: "மலை கேஸுக்குச் சுவத்துக் கடிகாரம் கிடையாது, லாரி வரட்டும்னு ஜட்ஜ் சொல்லிட்டாரும்மா."

இரு தரப்பையும் கேட்டு முடித்தபின் நீதிபதி என்னை அருகே அழைத்தார்.

"தேதிய யாரு பாப்பா படிச்சது?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நான்தான்."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

அம்மாவின் விரல்கள் என் தோளில் இருந்தன. தம் வாதத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று பெரியப்பா முன்னால் சாய்ந்தார். மரம் கிடந்த வளைவு கண்ணுக்குள் நின்றது.

"இல்ல," என்றேன்.

நீதிபதி என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று இந்த வயதிலும் என்னால் சொல்ல முடியவில்லை. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். என்னை அம்மாவிடமே விட்டுத் தீர்ப்பு எழுதினார்.

இன்று அந்தச் சாலையில் காய்கறி லாரிகள் நெரிகின்றன. சீட்டில் தேதி பாதி அழிந்துவிட்டது. ஆனாலும் அதை விரித்திருக்கும்போது யாராவது அறைக்குள் வந்தால், என் கை அதை அவசரமாக மடித்துவிடுகிறது.