நிதானமாகச் சாப்பிடச் சொல்லி நான் பட்ட பாடு

அடுத்தவர் வாய்க்குள் போகிற சோற்றின் வேகத்தைக் குறைப்பதும் ஒரு வேலைதான். போன உப்பு சீசன் முழுக்க மரக்காணத்தில் அதைத்தான் பார்த்தேன். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே இட்லியை விழுங்குகிறவர்களே, டிவியைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி பண்ணுகிறவர்களே, பயப்படாதீர்கள். நானும் உங்கள் கட்சிதான்.

பத்தாவது கணக்கில் கோட்டை விட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சுனாமி அலை வந்து போன பிறகு ஊருக்குள் நிறைய கார் வந்தது. அதில் ஒரு காரில் வந்த தொண்டு நிறுவன மேடம், "சாப்பாட்டைக் கவனிச்சு, ருசிச்சு சாப்பிட்டா டென்ஷன் குறையும். உப்பளத்துல சொல்லிக் கொடுக்க உள்ளூர்ப் பொண்ணு வேணும்" என்றார். ஊரார் டென்ஷனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. அம்மாவுக்காகத்தான் சேர்ந்தேன்.

அலை வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தட்டு முன்னால் உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும்போதுதான் "ஓடுங்க, ஓடுங்க" என்று சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்துவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் அம்மா சாப்பிட உட்காரவே இல்லை. நின்றபடி, வாசலையே பார்த்தபடி, நாலு வாய் விழுங்குவாள். அப்புறம் நெஞ்செரிச்சல் என்பாள், ராத்திரி தூங்கமாட்டாள். அவளை ஒரு வேளையாவது உட்கார்த்தி வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும். என் திட்டம் மொத்தமே அவ்வளவுதான்.

முதல் வாய்

வானூரில் டிரெயினிங் கொடுத்தார்கள். கையைச் சுத்தமாகக் கழுவு, முதல் வாயைக் கண்ணும் கருத்துமாக மெல்லு, என்ன ருசி என்று கவனி. மறுநாளே உப்பளத்துக்கு ஒரு கேன் நல்ல தண்ணீரோடு போனேன். விடியறதுக்கு முன்னாலிருந்து உப்பு வாரிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தவர்களை விடவில்லை. எல்லார் கையிலும் தண்ணீர் ஊற்றி, தேய்க்கச் சொல்லி, மறுபடியும் ஊற்றினேன்.

முதல் வாய் வைத்ததும் எல்லார் முகமும் கோணிக்கொண்டது. உப்பளத்துக்குக் கொண்டுபோகிற பழைய சோற்றில் யாரும் உப்பு போட மாட்டார்கள். பாத்தியில் வேலை செய்த கையால் பிசைந்தாலே தானாக உப்பு ஏறிவிடும். உப்பளத்துக்காரி பெற்ற பெண்ணுக்கு இது மறந்துபோனது. மேஸ்திரி கூட முறைத்தார். எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மட்டும் சிரித்தாள். "ஏண்டி செல்வி, ஊருக்கே உப்பு அனுப்பற எடத்துல எங்கள உப்பில்லாம திங்க வெச்சிட்டியே, நீ பெரிய ஆளுடி!"

கருவாடு

அடுத்த பாடம், சாப்பிடும் முன்னால் பார்ப்பது. இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பது போல உணவைப் பார்க்க வேண்டுமாம். மேஸ்திரி ஏழுமலை அண்ணன் கையில் சுட்ட கருவாடு இருந்தது. "பாருங்கண்ணே. கண்ணைப் பாருங்க, வாலைப் பாருங்க. அவசரமே இல்ல" என்றேன். எனக்கே அவசரம்தான், வெயில் மண்டையைப் பிளந்தது.

பாவம், அவர் நிஜமாகவே பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்கள் சாப்பிட்டு, தூக்கைக் கழுவி, பாத்தியில் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் கருவாடும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் அதைச் சட்டியிலேயே வைத்து மூடினார். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்தா இது எனக்கு சொந்தக்காரன் ஆயிடும்மா. அப்பறம் எப்டி திங்கறது?"

டீக்கடை

டீயிலும் பழகலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். ஈசிஆர் ஓரத்தில் காதர் பாய் கடைக்கு அஞ்சலை அக்காவையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிப்போனேன். ஆவியைப் பாருங்க, வாசனையை இழுங்க, ஒவ்வொரு வாயாகக் குடிங்க. உப்பளத்தில் மூக்குக்கே வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பெஞ்சு முழுக்க அவர்கள்தான். இஞ்சி போட்டிருக்கிறதா, ஏலக்காயா என்று வாதம் வேறு. பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் உட்கார இடமில்லாமல் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

பாய் நல்ல மனுஷர், விரட்ட மாட்டார். டேபிளைத் துடைத்தார். துடைத்த டேபிளையே மறுபடியும் துடைத்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்களுக்கு டென்ஷன் போயிடுச்சும்மா, மாஷா அல்லாஹ். எல்லாம் எங்கிட்டதான் வந்திருக்குது. எனக்கு எப்ப கிளாஸ்?"

கண்ணை மூடு

ஒருநாள் மேடமே பார்க்க வந்தார். "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார். யாரும் மூடவில்லை. நான் மிரட்டினேன், அப்போதும் மூடவில்லை. மேடம் கண்ணில் வெயில் அடிக்காமலிருக்க எல்லாரையும் மேற்கே பார்த்து உட்கார்த்தி வைத்திருந்தார். கடல் முதுகுப் பக்கம். ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா வழக்கம்போலத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அஞ்சலை அக்காதான் வழி சொன்னாள். "பாதிப் பேரு கண்ண மூடி துன்றோம் மேடம், மீதிப் பேரு கடலப் பாத்துக்கறோம். வயிறு ரொம்பனதும் ஆள மாத்திக்கலாம்."

அன்றைக்குத்தான் கிளாஸ் முதல் தடவையாக ஒழுங்காக நடந்தது. எல்லாரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து, முறை வைத்துச் சாப்பிட்டார்கள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். உட்காரவில்லை.

வீட்டில்

மறுநாள் காலையில் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது. அடுப்படியில் நின்றபடியே சோற்றை அள்ளி அள்ளிப் போட்டு, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா தலையில் தட்டினாள். "ஊருக்கெல்லாம் உக்காந்து துன்ன சொல்லித்தர. இங்க பாரு லட்சணத்த!"

எனக்கும் கோபம் வந்தது. "நீ உட்காரு, நானும் உட்கார்றேன்" என்றேன். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியில் போய், கடல் இருக்கிற பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அஞ்சலை அக்கா கண்டுபிடித்த முறை அதுதானே.

திரும்பிப் பார்க்கத் துடித்தேன். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? அப்புறம் தட்டு தரையில் உரசுகிற சத்தம். என் முதுகில் அவள் முதுகு சாய்ந்தது. அவள் மெல்லுவது என் முதுகெலும்பு வரை தெரிந்தது. மெதுவாகத்தான் மென்றாள். பாதி சாப்பாட்டில் நான் லேசாகத் தலையைத் திருப்பினேன். உடனே முழங்கையால் ஒரு இடி.

"ஏய், அங்க பாருடி. நான் இன்னும் துன்னு முடிக்கல."

இப்படியாக, சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கப் போன நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, அரைப் பட்டினியாக வாசலில் உட்கார்ந்து கடலைக் கவனித்ததுதான்.