பிள்ளையாத்து இங்கிலீஷ்

வாசகசாலை நண்பர்களே, இன்று தெப்பக்குளத்தருகே ஓர் அச்சாபீஸில் கண்டதை நம் அறிவிப்புப் பலகையில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு சம்பந்திகள் கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் அடிக்க வந்திருந்தார்கள். தங்கள் வரவு எங்களுக்குக் கௌரவம் என்று சொல்லும் இடத்தில் 'ஹானர்' வருகிறதே, அதில் 'யு' உண்டா இல்லையா என்று சண்டை. அச்சுக்கோக்கும் கம்பாசிட்டர் அந்த 'யு'வின் ஈய எழுத்தை விரலிடுக்கில் பிடித்தபடி நின்றார்.

பெண்ணைப் பெற்றவர் ஸ்ரீரங்கத்தில் இங்கிலீஷ் வாத்தியார். "நம்மை ஆளற ராஜா லண்டன்ல இருக்கார். அங்கே 'யு' போட்டுத்தான் எழுதறா" என்றார்.

பிள்ளையின் அப்பா ரயில்வே குமாஸ்தா. "எங்காத்து டிக்ஷனரி அமெரிக்காவில அடிச்சது. அதில 'யு' கிடையாது" என்றார்.

வாத்தியார் விடவில்லை. குமாஸ்தா மெதுவாகக் கேட்டார்:

"இங்கேயே இவ்வளவு எதிர்த்துப் பேசறேளே, உங்க பொண்ணு எங்காத்துல எப்படிப் பேசுவாளோ?"

அவ்வளவுதான். "பிள்ளையாத்துக்காரா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாத்தியார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பாசிட்டர் எழுத்தைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை கூடப் போய் வாத்தியாருக்கு ஆறுதல் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்:

"போகட்டும் ஸார். தையில என் பிள்ளைக்குக் கல்யாணம். அப்போ 'யு' போட்டே அடிப்பேன். எந்தப் பெண்ணாத்துக்காரன் வாயைத் திறக்கறான்னு பார்க்கறேன்!"

ஒருத்தர்மேல் பட்ட இரக்கத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன்.