மூடப்பட்ட நிறுவனமும் மரியரஞ்சனியின் பரீட்சையும்

மரியரஞ்சனி ஒரு கேள்வியைப் பிடித்தால் இலேசில் விடமாட்டாள். மன்னார்ப் பெண். எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவில் சட்டம் படித்தாள். ஒருநாள் வகுப்பில் எழுந்து, "இருபதுகளில் இந்த நகரத்தில் குற்றங்களை ஆராய ஒரு நிறுவனம் இருந்ததாமே, அதற்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டாள். விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த வருடம் பனி அதிகம் என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அன்றைக்குத் தொடங்கிய அரிப்பு நோர்வேயில் ஒஸ்லோவுக்குக் குடிவந்த பிறகும் தீரவில்லை.

வந்த இடத்தில் மொஸ்கோப் பட்டத்தை வைத்துக்கொண்டு வழக்காடவா முடியும்? நகரின் ஓரத்தில், புருசெத் என்ற இடத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் தலையெடுத்ததும், நாற்பதைத் தாண்டிய வயதில், பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலைக்குச் சேர்ந்தாள். தலைப்பு? வேறென்ன, அந்த நிறுவனம்தான்.

மேல்வீட்டு யோகாம்பாளுக்கு இது பொறுக்கவில்லை. "சோவியத்தே இல்லாமல் போச்சு. அங்கத்தைக் கள்ளரைப் பற்றி இப்ப என்ன பிள்ளை ஆராய்ச்சி?"

"கள்ளரைப் பற்றியில்லை அன்ரி. கள்ளர் ஏன் கள்ளராகினம் எண்டு ஆராய்ஞ்ச ஆக்களைப் பற்றி."

"அது அதைவிடப் பகிடி!"

கணவன் அருளானந்தன் மட்டும் ஒருநாளும் பகிடி பண்ணவில்லை. பஸ் ஓட்டுகிற மனுசன். மனைவி அரைநாள் வேலைக்கு மாறியதும், இவன் சனி ஞாயிறும் ஓடத் தொடங்கினான். "நீர் படியும், சமையலை நான் பாக்கிறன்" என்பான். கறியில் உப்பு இருக்காது, அது வேறு கதை. ஆனால் இப்படி எத்தனை காலம் ஓடுவது? அவனுக்கு இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. 2007 ஆனியில் வாய்மொழிப் பரீட்சை வந்தபோது அவள் மனதுக்குள் தீர்மானித்துவிட்டாள்: இதில் கோட்டை விட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு முழுநேர வேலைக்குத் திரும்புவது.

பரீட்சை அறையில் அவளுடைய மேற்பார்வையாளரும், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் பேராசிரியரும் இருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, தொடக்கம் நன்றாகவே போனது. 1925இல் அந்த நிறுவனம் பிறந்தது. வைத்தியர்களும் சட்ட அறிஞர்களும் சிறைகளுக்குப் போய்க் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். பிறகு குற்றத்துக்குக் காரணம் தேடுவதே குற்றம் என்றாகி, முப்பதுகளில் வேறு பெயரும் வேறு வேலையும் கொடுக்கப்பட்டது. "பழைய நிறுவனம் மூடப்படுகிறது" என்று முடித்திருக்க வேண்டும். மூடப்படுவதற்கு நோர்வேஜிய மொழியில் 'லுக்கெஸ்'. சுரங்க ரயிலில் கதவு மூடும்போதெல்லாம் காதில் விழுகிற சொல்தான். பாழாய்ப்போன நாக்கு 'லிக்கெஸ்' என்றது. அதற்கு அர்த்தம், வெற்றி பெறுகிறது!

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "வெற்றி பெற்றதா? முப்பதுகளிலா?"

மரியரஞ்சனிக்கு உடம்பெல்லாம் கூசியது. "மன்னியுங்கள். மூடப்பட்டது என்றுதான் சொல்ல வந்தேன்."

"புரிகிறது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. அது எதிலாவது வெற்றி பெற்றதா?"

ஐயோ மாதாவே! இதற்கு அவள் ஆயத்தமாக வரவில்லை. அந்த மொஸ்கோ விரிவுரையாளரின் முகம்தான் கண்முன் வந்தது. நானும் இப்போது பனியைப் பற்றியா பேசுவது? அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் விட்டுப்போனது.

"வெற்றிதான்" என்றாள். "பெயரை எடுத்தார்கள், வேலையை எடுத்தார்கள். கேள்வியை எடுக்க முடியவில்லை. அங்கே இருந்தவர்களில் சிலர் அதை முப்பது வருடம் மனதுக்குள் வைத்திருந்தார்கள். 1963இல் மொஸ்கோவில் குற்றங்களை ஆராயப் புதிய நிறுவனம் திறந்தபோது, அதன் பெயரிலேயே 'காரணங்கள்' என்ற சொல் இருந்தது. தலை நரைத்து அதற்குள் நுழைந்தவர்களும் உண்டு. மாணவியாக நான் இதைக் கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்."

வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்ப அழைத்தபோது பேராசிரியர் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "பரீட்சையில் சித்தியடைந்துவிட்டீர்கள். மிக நல்ல சித்தி. கடைசியாகச் சொன்னீர்களே, அதை எழுதுங்கள். உங்கள் முனைவர் பட்டம் அங்கேதான் இருக்கிறது."

படிக்கட்டில் நின்று அருளானந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"பாஸ்" என்றாள்.

போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

"கேக்குது ரஞ்சி. கடைசி பஸ் தரிப்பிலை நிக்கிறன். அழுகை வந்திட்டுது, சனமெல்லாம் பாக்குது. போனை வையும்."